மண்ணும் மணலும் தண்ணீரை எவ்வளவு விலக்குகின்றன: முதன்முறை அளப்பவருக்கு ஒரு வழிகாட்டி

காட்டுத்தீ கடந்த மலைச்சரிவு, நீண்ட வறட்சிக்குப் பின் மழை இறங்க மறுக்கும் மணல் நிலம், திட்டுத்திட்டாகக் காயும் விளையாட்டுத் திடல், ஒருமுறை முற்றிலும் காய்ந்ததும் மறுபடி நனையாத பீட் (சதுப்பில் மட்கிய தாவர மண்), ஆய்வகத்தில் சைலேன் (நீரை விலக்கும் சிலிக்கான் சேர்மம்) பூசிய மணல். இவற்றில் ஏதோ ஒன்றைக் கொடுத்து, 'இது எவ்வளவு நீரை விலக்குகிறது என்று அளந்து சொல்' என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

சோதனைகள் எளியவை. அவற்றைச் செய்யத் தேவையான விவரங்கள் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை என்பதுதான் சிக்கல். ஒரு கட்டுரையில் துளியின் அளவு இருக்கும், மண்ணை எப்படி உலர்த்தினார்கள் என்பது இருக்காது. இன்னொன்றில் எத்தனால் செறிவு இருக்கும், எத்தனை நொடி காத்திருந்தார்கள் என்பது இருக்காது. இப்படித் துண்டுதுண்டாகத் தேடித் தேடிச் சேர்த்ததை, செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே வைக்கிறேன்.

1. கேள்வி என்ன என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நீர்விலக்குத் தன்மை ஒரே எண்ணில் அடங்குவதில்லை. அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன.

தண்ணீர் எவ்வளவு நேரம் மேலேயே நிற்கிறது? இது நீடிப்பு. நீர்த்துளி ஊடுருவல் நேரம் என்ற சோதனை இதை அளக்கிறது. ஆங்கிலக் கட்டுரைகளில் டபிள்யூ.டி.பி.டி. என்று இருக்கும்.

மண் எவ்வளவு வலுவாக விலக்குகிறது? இது கடுமை. எத்தனால் துளிச் சோதனை, அதாவது எம்.இ.டி., இதற்கானது.

துளியை வைத்த கணத்தில் அது பரப்போடு என்ன கோணம் காட்டுகிறது? இது சேர்கோணம். கோணம் பெரிதானால் விலக்கு அதிகம், 90 டிகிரியைத் தாண்டினால் நீர் தானாக உள்ளே இழுக்கப்படாது. இதற்குக் கேமராவோ தராசோ வேண்டும்.

இவை மூன்றும் எப்போதும் சேர்ந்து ஏறி இறங்குவதில்லை. தொடக்கத்தில் பலமாக விலக்கிவிட்டு ஒரு நிமிடத்தில் விட்டுக்கொடுக்கும் மண் உண்டு. 90 டிகிரியைக் கொஞ்சமே தாண்டி, மணிக்கணக்கில் பிடிவாதமாக நிற்கும் மண்ணும் உண்டு. மழைநீர் வழிந்தோடுவது, மண்ணரிப்பு, பாசனம் பற்றியது உங்கள் கேள்வி என்றால் நீடிப்பை அளங்கள். இரண்டு பூச்சுகளில் எது மேல் என்று ஒப்பிட வேண்டுமானால் சேர்கோணம் வேண்டும். நிறைய மாதிரிகளைத் தரம் பிரிக்க எத்தனால் சோதனை வேகமானது.

எதுவும் தெரியாத நிலையில் தொடங்குகிறீர்கள் என்றால் என் யோசனை இது: எல்லா மாதிரிகளுக்கும் நீர்த்துளிச் சோதனை, அதில் 5 நொடிக்கு மேல் நின்றவற்றுக்கு எத்தனால் சோதனை, தேர்ந்தெடுத்த சிலவற்றுக்கு மட்டும் சேர்கோணம்.

2. செலவு, அனுமதி, நேரம்

துளிச் சோதனைக்குச் செலவே இல்லை என்று சொல்லலாம். காய்ச்சி வடித்த நீர், பிப்பெட், 2 மி.மீ. சல்லடை, பெட்ரி தட்டுகள், நிறுத்துக் கடிகாரம், வெப்பமானி, ஒப்பு ஈரப்பதம் காட்டும் கருவி ஆகியவை போதும். கடைசி இரண்டையும் பலர் விட்டுவிடுகிறார்கள். பின்னால் எண்களை ஒப்பிடப் போகும்போது அந்தக் குறை தெரியும்.

எத்தனால் சோதனையில் செலவைவிட அனுமதிதான் பெரிய தலைவலி. பல நாடுகளில் தூய எத்தனால் கலால் கட்டுப்பாட்டில் இருக்கிறது. வாங்க உரிமம் வேண்டும், கையிருப்புப் பதிவேடு வேண்டும், தீப்பற்றும் திரவம் என்பதால் தனி அலமாரி வேண்டும். உங்கள் நிறுவனத்தின் வேதிப்பொருள் கிடங்கில் இதைக் கையாளும் ஆள் யார் என்று முதல் நாளே விசாரியுங்கள். விண்ணப்பம் நகர்வதற்கு எடுக்கும் நேரம் சோதனைக்கு ஆகும் நேரத்தைவிட அதிகமாக இருக்கலாம்.

தாமதத்தைத் தவிர்க்க மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டையோ கைச் சுத்திகரிப்பானையோ பயன்படுத்தலாமா என்று தோன்றும். வேண்டாம். கைச் சுத்திகரிப்பானில் கிளிசரினும் கெட்டிப்பொருளும் இருக்கும், ஸ்பிரிட்டில் வேறு எண்ணெய்கள் சேர்ந்திருக்கலாம். நம் சோதனை முழுக்கப் பரப்பு இழுவிசையை நம்பி இருக்கிறது. அதைக் கெடுக்கும் எந்தச் சேர்க்கையும் முடிவைக் கெடுக்கும்.

சேர்கோணத்துக்கென்று விற்கும் கோனியோமீட்டர் விலை உயர்ந்த கருவி. உங்கள் துறையில் இல்லையென்றால் வேதியியல், பெயின்ட், துணி ஆய்வகங்களில் கேட்டுப் பாருங்கள். மேக்ரோ லென்ஸ் உள்ள கேமராவும் இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளும் கொண்டே ஒப்பீட்டுக்குப் போதுமான அளவீடு எடுக்க முடியும்.

மாதிரி எடுக்க நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். வனப்பகுதி என்றால் வனத்துறை அனுமதி. மண் எல்லை தாண்டுமானால் தாவரத் தனிமைப்படுத்தல் விதிகள் குறுக்கே வரும், இங்கே ஒரு பொறி இருக்கிறது. வெளிநாட்டு மண்ணை உள்ளே விட, சூடாக்கிக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும் என்று சில நாடுகள் கேட்கும். சூடாக்கிய மண்ணில் நீர்விலக்கு மாறிவிடும், அப்புறம் அளந்து பயனில்லை. வெப்பமில்லாத வேறு வழிக்கு இடம் உண்டா, கட்டுப்பாட்டு ஆய்வகத்துக்கு அப்படியே கொண்டுவர அனுமதி கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிய பிறகு மண்ணைத் தோண்டுங்கள்.

நேரக் கணக்கு: உலர்த்தவும் நிலைப்படுத்தவும் ஒரு வாரத்தை ஒதுக்குங்கள். துளிச் சோதனை மாதிரியைப் பொறுத்தது. நனையும் மண் நொடிகளில் முடியும், தீவிரமாக விலக்கும் மண் ஒரு மாதிரிக்கே மணிக்கணக்கில் இழுக்கும். எத்தனால் சோதனை ஒரு மாதிரிக்குச் சில நிமிடங்கள்.

3. மாதிரி எடுத்தல்

நீர்விலக்கு பெரும்பாலும் மேல்மண்ணின் விஷயம். தாவர மெழுகுகள், இலைச்சருகு சிதையும்போது வரும் சேர்மங்கள், பூஞ்சை இழைகள் ஆகியவை துகள்களின் மேல் பூச்சாகப் படிகின்றன. மணலில் இது எளிதாக நடப்பதற்குக் காரணம், அதன் மொத்தத் துகள்பரப்பு களிமண்ணுடையதைவிட மிகக் குறைவு. கொஞ்சம் மெழுகே போதும், துகள்களை மூடிவிடும்.

ஆகவே ஆழத்தைக் கலக்காதீர்கள். 0 முதல் 20 செ.மீ. வரை ஒரே பையில் போட்டு வரும் வழக்கமான உரப் பரிந்துரை மாதிரி இங்கே உதவாது. 0–2, 2–5, 5–10 செ.மீ. என்று மெல்லிய அடுக்குகளாகப் பிரியுங்கள். சருகையும் உயிருள்ள வேரையும் நீக்கிவிட்டுத் தாது மண் தொடங்கும் இடத்தைச் சுழியமாகக் கொள்ளுங்கள்.

தீ எரிந்த இடத்தில் கூடுதல் கவனம். சாம்பல் நன்றாக நனையும். அதற்குக் கீழே உள்ள மண்ணும் நனையலாம். விலக்கும் அடுக்கு அதற்கும் கீழே, சில செ.மீ. ஆழத்தில் ஒளிந்திருக்கும். மண் சுமார் 175 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடானால் விலக்கு கூடுகிறது, 280 முதல் 400 டிகிரிக்குள் பூச்சே எரிந்து அழிகிறது. மேற்பரப்பு கடுமையாகச் சூடான இடத்தில் மேலே ஒன்றுமில்லாமல் கீழே மட்டும் விலக்கு இருப்பது இதனால்தான். மேலே ஒரு துளி வைத்துப் பார்த்து 'நனைகிறது' என்று எழுதிவிட்டு வந்துவிடாதீர்கள். சாம்பலை ஒதுக்கி, ஒரு செ.மீ. ஒரு செ.மீ.யாகச் சுரண்டி ஒவ்வொரு மட்டத்திலும் துளி வையுங்கள்.

சில செ.மீ. இடைவெளியிலேயே முடிவு தலைகீழாக மாறும் என்பதால், ஒரு குழியில் ஆழமாக ஆராய்வதைவிடப் பல இடங்களில் சிறிது சிறிதாக எடுப்பது நல்லது. எடுத்ததைக் கலந்து கூட்டு மாதிரி ஆக்குவதா, தனித்தனியாக வைப்பதா என்பதைக் களத்துக்குப் போகும் முன் முடிவு செய்யுங்கள். கலந்துவிட்டால் திட்டுத்தன்மை பற்றிய தகவல் போய்விடும்.

பையில் இடம், ஆழம், தேதி, நேரம், மேலே இருந்த தாவரம், கடைசியாக மழை பெய்தது எப்போது ஆகியவற்றை எழுதுங்கள். கையுறை போடுங்கள், தோலில் உள்ள எண்ணெயும் ஒரு பூச்சுதான்.

4. உலர்த்தல், சலித்தல், காத்திருத்தல்

இருவர் ஒரே மண்ணை அளந்து வேறு வேறு எண் சொன்னால், வேறுபாடு பெரும்பாலும் இந்தப் படியில் நுழைந்திருக்கும். துளி வைப்பது யாருக்கும் வரும். துளி விழும் முன் மண் என்னென்ன பட்டது என்பதைக் கட்டுக்குள் வைப்பதில்தான் வேலை இருக்கிறது.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் வையுங்கள். களத்து ஈரத்தோடு அப்படியே அளந்தால் கிடைப்பது நடப்பு விலக்கு. உலர்த்தி அளந்தால் கிடைப்பது உள்ளார்ந்த விலக்கு, அதாவது அந்த மண் காய்ந்தால் எவ்வளவு விலக்கக்கூடும் என்பது. நீர்விலக்கு மண் எல்லா நாளும் விலக்குவதில்லை. ஒரு குறிப்பிட்ட ஈர அளவுக்கு மேலே அது சாதாரண மண்போலவே நனைகிறது. மழைக்குப் பின் அளந்து 'விலக்கு இல்லை' என்பதும், அதையே உலர்த்தி அளந்து 'கடுமையான விலக்கு' என்பதும் இரண்டும் உண்மையாக இருக்கலாம். எது வேண்டும் என்று தெரியாவிட்டால் இரண்டையும் அளங்கள். நடப்பு விலக்கை அளந்த அதே மண்ணில் ஒரு பகுதியை எடைபோட்டு, 105 டிகிரியில் காயவைத்து ஈர அளவையும் குறியுங்கள். ஈரம் எழுதப்படாத நடப்பு விலக்கு எண்ணை யாராலும் பயன்படுத்த முடியாது.

இந்த 105 டிகிரி ஈரக் கணக்குக்கு மட்டும். மண் ஆய்வகங்களில் எதையும் 105-ல் போடுவது பழக்கமாகிவிட்டதால் விலக்குச் சோதனைக்கான பங்கும் அதே ஓவனுக்குள் போய்விடும். அந்த வெப்பம் கரிமப் பூச்சை இடம்மாற்றும், சில மண்ணில் விலக்கைக் கூட்டும், சிலவற்றில் குறைக்கும். சோதனைக்கான பங்கை அறை வெப்பத்தில் காற்றில் உலர்த்துங்கள், அவசரம் என்றால் 40 டிகிரியைத் தாண்டாதீர்கள். 60 அல்லது 65 டிகிரியில் உலர்த்திய முந்தைய எண்களோடு ஒப்பிட வேண்டியிருந்தால் ஒரு தனிப் பங்கை அப்படி உலர்த்தி, அதைத் தனி வரிசையில் எழுதுங்கள். இரண்டையும் ஒரே வரைபடத்தில் கலக்கக் கூடாது.

அடுத்து சலித்தல். 2 மி.மீ. சல்லடை வழக்கம். கட்டிகளை விரலால் மெல்ல உடையுங்கள். உரலில் போட்டு இடித்தால் பூச்சு உரிந்து புதிய தாதுப் பரப்பு வெளியே வரும், விலக்கு குறைந்ததுபோலத் தெரியும். சைலேன் பூசிய மணலுக்கு இது இன்னும் முக்கியம்.

கடைசியாக, நிலைப்படுத்தல். உலர்ந்த மண்ணைத் தட்டில் பரப்பி, வெப்பமும் ஒப்பு ஈரப்பதமும் மாறாத அறையில் குறைந்தது இரண்டு நாள் வையுங்கள். 20 டிகிரியும் 50 விழுக்காடும் பலர் பின்பற்றும் நிலை. அந்த அறை உங்களிடம் இல்லையென்றால் ஒரு மூடிய பெட்டியில் தெவிட்டிய உப்புக் கரைசல் (இனி உப்பு கரையாத அளவுக்கு உப்பு சேர்த்த நீர்) வைத்து ஈரப்பதத்தைப் பிடித்து நிறுத்தலாம். காற்றில் உள்ள ஈரம் என்ன செய்துவிடும் என்று நினைக்காதீர்கள். மிக ஈரமான காற்றில் ஒரு நாள் இருந்த மண், உலர் காற்றில் இருந்த அதே மண்ணைவிடக் கூடுதலாக விலக்குவதைப் பார்க்கலாம். தண்ணீர் சேர்ந்தால் விலக்கு குறையும் என்று எதிர்பார்ப்பவருக்கு இது வியப்பாக இருக்கும்.

5. நீர்த்துளிச் சோதனை

சிறு தட்டில் மண்ணை நிரப்பி, மேல்பரப்பை ஒரு தகட்டால் வழித்துச் சமமாக்குங்கள், அழுத்த வேண்டாம். காய்ச்சி வடித்த நீரும் மண்ணும் அறை வெப்பத்தில் இருக்கட்டும். நீர் சூடாக இருந்தால் வேகமாக இறங்கும்.

துளியின் அளவு சுமார் 50 மைக்ரோலிட்டர். சாதாரண துளிப்பானில் விழும் துளி ஏறக்குறைய அதே அளவுதான். சரிபார்க்க 20 துளியைத் தராசில் விடுங்கள், ஒரு கிராமை ஒட்டி வர வேண்டும். இதே சோதனை இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். துளிப்பானில் சோப்பு மிச்சம் இருந்தால் பரப்பு இழுவிசை குறைந்து துளிகள் இளைத்துப்போகும். சோப்பு போட்டுக் கழுவிய கண்ணாடிப் பொருள்களை வடிநீரில் பலமுறை அலசுங்கள்.

துளியை 1 செ.மீ.க்கும் குறைவான உயரத்திலிருந்து விடுங்கள். உயரத்திலிருந்து விழுந்தால் அந்த வேகமே அதை மண்ணுக்குள் தள்ளிவிடும். துளி பரப்பைத் தொட்டதும் கடிகாரத்தை ஓடவிட்டு, மேலே பளபளப்பு மறைந்து துளி முழுதும் இறங்கியதும் நிறுத்துங்கள்.

வழக்கமான வகைப்பாடு இது:

5 நொடிக்குள்: நனையும் மண்.
5 முதல் 60 நொடி: சிறிது விலக்கும்.
60 முதல் 600 நொடி: வலுவாக விலக்கும்.
600 முதல் 3600 நொடி: கடுமையாக விலக்கும்.
3600 நொடிக்கு மேல்: தீவிரமாக விலக்கும்.

ஒரு மாதிரிக்குக் குறைந்தது ஐந்து துளிகள். முடிந்தால் பத்து. துளிகள் ஒன்றையொன்று தொடாமல் தள்ளித் தள்ளி வையுங்கள்.

நீண்ட நேரம் நிற்கும் துளிகளில்தான் பொறிகள் அதிகம். திறந்த அறையில் 50 மைக்ரோலிட்டர் துளி ஓரிரு மணி நேரத்தில் ஆவியாகவே மறைந்துவிடும். மண் உறிஞ்சியதா, காற்று கொண்டுபோனதா என்று தெரியாது. பத்து நிமிடத்தைத் தாண்டிய துளிகளைக் கவிழ்த்த பெட்ரி தட்டால் மூடுங்கள், பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தகட்டின் மேலும் ஒரு துளி வைத்து அது எவ்வளவு சுருங்குகிறது என்று பாருங்கள். மூன்று மணி, ஆறு மணி என்று இழுப்பதற்கு முன் எந்த எல்லையில் நிறுத்துவீர்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வேலைகளுக்கு ஒரு மணி நேரமே போதும், அதைத் தாண்டியதை '3600-க்கு மேல்' என்று குறித்தால் சரி.

எல்லாத் துளியையும் நொடிக்கு நொடி பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. முதல் நிமிடம் கண்ணெடுக்காமல், பத்து நிமிடம் வரை நிமிடத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். விலக்கு அதிகமான மாதிரிகளைக் காலையில் தொடங்கி, அவை நிற்கும் நேரத்தில் மற்றவற்றைச் செய்யுங்கள். மாலை நாலு மணிக்குத் தீவிர விலக்கு மாதிரியைத் தொடங்குபவர் வீட்டுக்குப் போக மாட்டார்.

சைலேன் பூசிய மணலிலும் நுண்ணிய பொடியிலும் இன்னொரு வேடிக்கை நடக்கும். தளர்ந்த துகள்கள் துளியின் மேல் ஏறி அதைப் போர்த்திக்கொள்ளும். பளபளப்பு மறைந்துவிடும், துளி உள்ளே போய்விட்டது என்று நினைப்பீர்கள். ஊசிமுனையால் மெல்லத் தொட்டுப் பாருங்கள், அது அங்கேயே உருண்டையாக இருக்கும். இத்தகைய பொருளுக்கு நீர்த்துளி நேரத்தை நம்பாமல் சேர்கோணத்துக்குப் போவதே மேல்.

6. எத்தனால் துளிச் சோதனை

20 டிகிரியில் நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 73 மில்லிநியூட்டன், எத்தனாலுடையது சுமார் 22. நீரில் எத்தனாலைக் கூட்டக் கூட்டக் கலவையின் இழுவிசை இறங்கும், விலக்கும் மண்ணுக்குள்ளும் அது நுழையத் தொடங்கும். எந்தச் செறிவில் நுழைகிறதோ அதுவே மண்ணின் கடுமைக்கான அளவு.

வழக்கமான வரிசை 0-விலிருந்து 5 மோலார் (லிட்டருக்கு இத்தனை மோல் என்ற செறிவு அலகு) வரை, 0.2 இடைவெளியில். 95 விழுக்காட்டு எத்தனால் ஏறக்குறைய 16.3 மோலார் செறிவுடையது. 100 மி.லி. கரைசல் தயாரிக்க, 1 மோலாருக்கு அதிலிருந்து 6.15 மி.லி., 0.2 மோலாருக்கு 1.23 மி.லி., 5 மோலாருக்கு 30.7 மி.லி. எடுங்கள். எத்தனாலை அளவுக்குடுவையில் விட்டு, மேலே நீரை ஊற்றிக் கோடு வரை நிரப்புங்கள். 30.7 மி.லி.யோடு 69.3 மி.லி. நீரைச் சேர்த்தால் 100 மி.லி. வராது, இரண்டும் கலக்கும்போது மொத்தக் கனஅளவு சுருங்கும்.

ஒவ்வொரு குப்பியிலும் செறிவும் தயாரித்த தேதியும் எழுதி இறுக மூடுங்கள். எத்தனால் நீரைவிட வேகமாக ஆவியாகும். அடிக்கடி திறக்கும் குப்பி நாளடைவில் நீர்த்துப்போய், மண் உண்மையில் இருப்பதைவிடக் கடுமையானதுபோலக் காட்டும். கரைசலைப் பல வாரம் வைத்துப் பயன்படுத்தாதீர்கள்.

செய்முறை: ஒரு துளி வையுங்கள், 10 நொடிக்குள் இறங்கினால் அந்தச் செறிவு 'நுழைந்தது'. நுழையும் செறிவுகளில் மிகக் குறைந்தது எது என்பதே விடை. கீழிருந்து ஒவ்வொன்றாக ஏறினால் நேரம் விரயம். 2 மோலாரில் தொடங்குங்கள். நுழைந்தால் 1-க்கு இறங்குங்கள், நுழையாவிட்டால் 3-க்கு ஏறுங்கள், பிறகு 0.2 இடைவெளியில் நெருங்குங்கள். ஒவ்வொரு துளிக்கும் இதுவரை நனையாத இடம் வேண்டும்.

பொதுவாக 1 மோலார் வரை லேசான விலக்கு, அதற்கு மேல் 2.2 வரை மிதமானது, 2.2-ஐத் தாண்டினால் கடுமையானது என்று கொள்வார்கள். மோலாருக்குப் பதிலாக எத்தனால் விழுக்காட்டையும், 10 நொடிக்குப் பதிலாக 3 அல்லது 5 நொடியையும் பயன்படுத்தும் முறைகளும் உண்டு. எதையும் தேர்ந்தெடுங்கள், ஆனால் செறிவோடு நொடியையும் சேர்த்தே எழுதுங்கள்.

எளிதில் கவனத்துக்கு வராத ஒன்று: துளிப்பானிலிருந்து விழும் எத்தனால் கலவைத் துளி நீர்த்துளியைவிடச் சிறியது, ஏனென்றால் துளி முனையில் தொங்கி நிற்பதே பரப்பு இழுவிசையால்தான். செறிவு ஏற ஏறத் துளி சிறுத்துக்கொண்டே போகும். இந்தச் சோதனைக்கு மைக்ரோபிப்பெட் வைத்துக்கொள்வது நல்லது.

7. சேர்கோணத்தைப் படமெடுத்து அளத்தல்

கண்ணாடித் தகட்டில் இருபக்கப் பசை நாடாவை ஒட்டி, அதன் மேல் மண்ணைத் தூவி, ஒரு சிறு எடையால் சில நொடி அழுத்தி, ஒட்டாததைத் தட்டிவிடுங்கள். நாடா வெளியே தெரியாமல் ஒற்றை அடுக்காகத் துகள்கள் மூடும் வரை திரும்பச் செய்யுங்கள். இடைவெளி இருந்தால் நீங்கள் நாடாவின் சேர்கோணத்தை அளந்துகொண்டிருப்பீர்கள். மண்ணில்லாத நாடாவிலும் ஒரு துளி வைத்து அதன் கோணத்தைத் தெரிந்து வைத்திருங்கள்.

நுண்மணலுக்கு சில மைக்ரோலிட்டர் துளி போதும், துகள் பெரிதாகும்போது துளியும் பெரிதாக வேண்டும். துளி பல துகள்கள் மேல் உட்கார்ந்தால்தான் சராசரி கிடைக்கும். பின்னாலிருந்து ஒளி, துளியின் மட்டத்தில் கேமரா. வைத்த முதல் நொடியிலேயே படமெடுங்கள், கோணம் நேரத்தோடு சரியும். வீடியோவாக எடுத்துவிட்டு, துளி தொட்ட பிறகான சட்டகத்தைத் தேர்வது எனக்குச் சுலபமாக இருந்தது. இடமும் வலமும் அளந்து சராசரி எடுங்கள். இரண்டுக்கும் வேறுபாடு பெரிதாக இருந்தால் அந்தத் துளியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

கிடைக்கும் எண்ணைப் பூச்சின் வேதியியல் என்று மட்டும் படிக்காதீர்கள். வழுவழுப்பான பரப்பில் ஃபுளோரின் சேர்மங்களால்கூடக் கோணம் 120 டிகிரியைச் சற்றே தாண்டும். மணல் அடுக்கில் 130-க்கு மேல் பார்ப்பது சாதாரணம். தாமரை இலையில் நடப்பதுபோல, துகள்களுக்கு இடையே சிக்கிய காற்றும் துளியைத் தூக்கிப் பிடிக்கிறது. ஆகவே துகள் அளவு ஒன்றாக உள்ள மாதிரிகளை மட்டுமே ஒன்றோடொன்று ஒப்பிடலாம்.

8. 90 டிகிரிக்குக் கீழே: நுண்புழை ஏற்றம்

5 நொடிக்குள் துளி இறங்கிவிட்டது என்பதால் சேர்கோணம் சுழியம் என்று ஆகாது. 50, 60 டிகிரி கோணமுள்ள மண்ணிலும் துளி சட்டென்று இறங்கும், ஆனால் நன்றாக நனையும் மண்ணைவிட மெதுவாகத்தான் நீரை இழுக்கும். இதைப் பிடிக்க நுண்புழை ஏற்றம் உதவும்.

அடியில் வடிதாள் கட்டிய கண்ணாடிக் குழாயில் மண்ணைச் சீராக நிரப்பித் தராசில் தொங்கவிட்டு, அடியைத் திரவத்தில் தொடவைத்து, எடை கூடுவதைப் பதியுங்கள். எடையின் வர்க்கத்தை நேரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும். ஒரு குழாயில் நீர், அதேபோல நிரப்பிய இன்னொரு குழாயில் ஹெக்சேன். ஹெக்சேன் எதையும் முழுதாக நனைக்கும் என்பதால் அதன் சேர்கோணம் சுழியம் என்று கொள்ளலாம்.

அடர்த்தி, பாகுநிலை, பரப்பு இழுவிசை மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டால், முழுதாக நனையும் மண்ணில் 20 டிகிரியில் நீர்க்கோட்டின் சாய்வு ஹெக்சேன் கோட்டினுடையதைப்போல் ஏறத்தாழ 2.8 மடங்கு இருக்க வேண்டும். உங்கள் இரு சாய்வுகளின் விகிதத்தை 2.8-ஆல் வகுத்தால் கோணத்தின் கொசைன் கிடைக்கும். உதாரணமாக, இரண்டு சாய்வும் சமமாக வந்தால் கொசைன் சுமார் 0.36, கோணம் ஏறத்தாழ 69 டிகிரி. 90-க்கு மேல் இந்த முறை செல்லாது, நீர் ஏறவே ஏறாது.

குழாய்களை ஒரே அடர்த்தியில் நிரப்புவதுதான் கடினம். ஹெக்சேன் தீப்பற்றும், அதன் ஆவி நரம்புகளுக்குக் கேடு. ஆவி உறிஞ்சும் பெட்டிக்குள் மட்டும் செய்யுங்கள்.

9. களத்தில் அளக்க வேண்டுமானால்

மினி டிஸ்க் ஊடுருவல்மானி (மண்மேல் வைத்து, திரவம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று காட்டும் சிறு குழாய்க் கருவி) கையில் இருந்தால் மண்ணைக் கலைக்காமலே அளக்கலாம். அருகருகே இரண்டு இடங்களில், ஒன்றில் நீரையும் மற்றதில் 95 விழுக்காட்டு எத்தனாலையும் விட்டு, ஊடுருவிய அளவை நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராக வரைந்து, அந்தக் கோட்டின் சாய்வான உறிஞ்சுதிறனை எடுங்கள். எத்தனாலின் உறிஞ்சுதிறனை நீருடையதால் வகுத்து 1.95-ஆல் பெருக்கினால் விலக்குக் குறியீடு. நன்றாக நனையும் மண்ணில் அது 1-ஐ ஒட்டி இருக்கும், 1.95-ஐத் தாண்டினால் லேசான விலக்கு தொடங்கிவிட்டது என்று பொருள்.

நீர்க்கோடு நேராக வராமல் முதலில் படுத்துக் கிடந்து பிறகு மேல்நோக்கி வளைந்தால் கருவி பழுது என்று நினைக்காதீர்கள். விலக்கும் மண் நனைய நேரமெடுத்துப் பிறகு வேகம் பிடிக்கும்போது இப்படித்தான் வரும். வளைவுக்கு முன்னும் பின்னும் தனித்தனிச் சாய்வு எடுங்கள்.

10. ஒப்பீட்டு மாதிரிகளும் பதிவுத் தாளும்

ஒவ்வொரு சோதனை நாளும் இரண்டு தெரிந்த மாதிரிகளைச் சேர்த்து அளங்கள்: நன்றாகக் கழுவிய குவார்ட்ஸ் மணல் ஒன்று, டைமெத்தில்டைகுளோரோசைலேன் பூசிய அதே மணல் ஒன்று. முதலாவதில் துளி நிற்கத் தொடங்கினால் நீரிலோ தட்டிலோ அழுக்கு இருக்கிறது. பூசும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும், அதையும் ஆவி உறிஞ்சும் பெட்டிக்குள் செய்யுங்கள். ஒருமுறை நிறையப் பூசி வைத்துக்கொண்டால் திட்டம் முழுதும் வரும்.

பதிவுத் தாளில் மாதிரி எண், ஆழம், உலர்த்திய வெப்பமும் காலமும், நிலைப்படுத்திய நாள்கள், மண் ஈரம், அறையின் வெப்பமும் ஒப்பு ஈரப்பதமும், துளியின் அளவு, துளிகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு துளியின் நேரம், அளந்தவர் பெயர் எல்லாம் இருக்கட்டும். சராசரியை மட்டும் எழுதினால் போதும் என்று நினைக்காதீர்கள். நீர்த்துளி நேரங்கள் 3 நொடியிலிருந்து 3000 நொடி வரை பரவும், ஒரே ஒரு பிடிவாதத் துளி சாதாரணச் சராசரியைத் தூக்கிவிடும். இடைநிலை அளவு, அல்லது மடக்கை எடுத்த பிறகான சராசரி பொருத்தம். '3600-க்கு மேல்' என்று நிறுத்திய துளிகளை 3600 என்று போட்டுச் சராசரி எடுக்கக் கூடாது. இடைநிலைக்கு அந்தச் சிக்கல் இல்லை, பாதிக்கு மேற்பட்ட துளிகள் எல்லையைத் தாண்டாத வரை.

அளந்து முடித்த மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். துளி படாத ஒரு பங்கை உலர்ந்த நிலையில், இருட்டில், மூடி வைத்திருங்கள். அறிக்கையைப் படிக்கும் யாராவது ஒருவர் ஏதாவது ஒரு மாதிரியை மறுபடி அளக்கச் சொல்வார். அப்போது எடுத்த தேதியையும் மறுபடி அளந்த தேதியையும் இரண்டையும் எழுதுங்கள், சேமிப்பில் இருக்கும்போதும் விலக்கு கொஞ்சம் கொஞ்சமாக மாறக்கூடியதுதான்.